சத்தம் போட்டுப் படிக்க ஓர் இடம்

அந்தக் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம், பூப்பந்து ஆட இடம், இரண்டு பேர் தலையை ஒட்டிவைத்து ஒரே கைப்பேசியைப் பார்க்க இடம், ஒரு காப்பியை முன்னால் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் ஊர்க்கதை பேச இடம். லோகேஸ்வரிக்குப் படிக்கத்தான் இடம் கிடைக்கவில்லை. மூன்று மாடிக்கு நூலகம் கட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளே நாற்காலிகள் வரிசையாகக் காலியாகக் கிடக்கின்றன, இவள் என்னவென்றால் இடமில்லை என்கிறாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அதனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். லோகேஸ்வரிக்கு வாய்விட்டுப் படித்தால்தான் மண்டையில் ஏறும். அவள் படித்த தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்று வகுப்புக்கு ஒரே கூரை. நடுவில் ஒரு பலகைகூடத் தடுப்பு கிடையாது. ஒன்றாம் வகுப்பு பாட்டுப் பாடும், இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், மூன்றாம் வகுப்பு பாடம் வாசிக்கும். தன் பாடம் தன் காதில் விழ வேண்டுமானால் பக்கத்து வகுப்பைவிட உரக்கக் கத்த வேண்டும். அப்படிப் படித்துப் பழகியவளுக்குக் கண்ணால் மட்டும் படிப்பது மூக்கால் மட்டும் சாப்பிடுவது மாதிரி. வாசனை வரும், வயிறு நிறையாது. கேள்வியை விரிவுரையாளரின் தடித்த ஆண் குரலில் கேட்பாள். பதிலைத் தன் குரலில் சொல்லுவாள். ஒவ்வொரு கருத்துக்கும் காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டுவாள். அப்போதுதான் உள்ளே போய் உட்காரும்.

நாற்பத்தொரு வயதில் எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்கலாம். தோட்டத்தில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். சிரம்பானுக்கு அருகில் கோலா சாவா பக்கம் இருக்கும் அந்தத் தோட்டத்துப் பாலர் பள்ளியில் லோகேஸ்வரி பதினோரு வருடமாக டீச்சர். பள்ளியை நடத்தும் ரதி போன வருடம் கூப்பிட்டு, இனிமேல் டிப்ளோமா இல்லாதவர்களை டீச்சர் என்று வைத்துக்கொள்ள மாட்டேன், இந்த வருடக் கடைசிக்குள் காட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டாள். காட்டாவிட்டால் ஆயாவாக இருக்கலாம். பால் கலக்கலாம், பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடலாம். பதினோரு வருடம் "டீச்சர், டீச்சர்" என்று கூப்பிட்ட பிள்ளைகளின் அம்மாக்கள் மறுநாளே "ஆயா" என்று கூப்பிடக் கூச்சப்பட மாட்டார்கள்.

ஏற்கெனவே இரண்டு வருடமாக அவள் சனி ஞாயிறு வகுப்புக்குப் போய்வந்துகொண்டுதான் இருந்தாள். எல்லாத் தாளும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. குழந்தை வளர்ச்சி. அதில் அவள் தோற்றுவிட்டாள். இது கல்லூரியோடு சரி, தோட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. முதல் அரையாண்டில் பாஸானபோது பன்னிரண்டு வீட்டுக்குக் கேசரி கொடுத்தவள். கேசரி கொடுத்தவர்கள் தோற்கக் கூடாது. ஆகவே வீட்டில், "கடைசிப் பாடத்துக்குக் கூடுதல் கிளாஸ் வெச்சிருக்காங்க" என்று சொல்லி வைத்திருந்தாள். மறுபடி எழுத ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் நாலு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு.

வீட்டில் படிக்க வழியில்லை. மாமியார் பஞ்சாலைக்குத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதோடு, பாடமெல்லாம் மலாயில். லோகேஸ்வரி வாய்விட்டு ஒரு வரி படித்தால் பஞ்சாலை நடுவீட்டிலிருந்து, "யார்கிட்ட பேசுற? என்னயா சொல்ற?" என்று பதில் சொல்லுவாள். பிள்ளைகளின் பிடிவாதத்தைப் பற்றிய பாடத்தைக் கேட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தாள். தோட்டத்துச் செம்பனை மரங்களுக்குள் போய்ப் படிக்கலாமே என்றால், அங்கே ஒரு பெண் தனியாகப் புகுந்து வெளியே வருவதற்குள் அவளுக்கு இன்னொரு கல்யாணமே பண்ணி வைத்துவிடுவார்கள்.

கல்லூரியில் முதலில் நூலகத்துக்குத்தான் போனாள். கடைசி மேசையில் உட்கார்ந்து, தன்னால் முடிந்த அளவு குரலை இறக்கி ஆரம்பித்தாள். நூலகத்துப் பெண் எழுந்து வந்தாள்.

"காக், இங்கே பேசக் கூடாது" என்றாள் மலாயில். காக் என்றால் அக்கா.

"நான் பேசவில்லை. படிக்கிறேன்."

"படிப்பது மாடி வரைக்கும் கேட்கிறது, காக்."

மாடிப்படிக்குப் போனாள். அங்கே ஒரு ஜோடி. இவள் நாலு படி தள்ளி உட்கார்ந்து, "பதின்ம வயதினரின் ஐந்து பிரச்சினைகள்" என்று தொடங்கியதும் அவர்கள் திட்டு வாங்கியவர்கள்போல் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்கள். இடம் கிடைத்தது என்று பார்த்தால் அடுத்த ஜோடி வந்தது. காலி வகுப்பறையில் உட்கார்ந்தாள். காவலுக்கு இருந்த ஜாகா மூன்று தடவை கதவைத் திறந்து, இந்த அம்மா யாரைத் திட்டுகிறது என்று மேசைக்கு அடியில்கூடப் பார்த்துவிட்டு, கடைசியில் விளக்கை அணைத்தான்.

அவள் வகுப்பில் பமீலா என்று ஒரு பெண். மம்பாவில் வீடு, இருபத்துமூன்று வயது, தேவாலயத்துப் பாலர் பள்ளியில் உதவியாளர். லோகேஸ்வரியிடம் உண்மையான பிரியம் அவளுக்கு.

"அக்கா, என் காடி சாவிய வெச்சிக்குங்க. ஜன்னல ஏத்திட்டு உள்ளாற ஒக்காந்து படிங்க."

மத்தியான வெயிலில் நின்ற காருக்குள் அரை மணி நேரம் படித்துவிட்டு லோகேஸ்வரி அவித்த மரவள்ளி மாதிரி இறங்கினாள்.

"எப்டிக்கா, நல்லா போச்சா?"

"தல சுத்துதும்மா."

"எனக்குக் கேண்டீன் வரைக்கும் கேட்டுச்சுக்கா. நாலாவது பாயிண்ட்ட மட்டும் ரெண்டு தடவ சொன்னீங்க." பமீலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மனசுக்குள்ளயே படிச்சிப் பாருங்கலா."

மனசுக்குள் படித்துத்தான் போன தடவை தோற்றாள். அதைப் பமீலாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பெண் வருத்தப்படும், போன தடவையும் அந்த யோசனையைச் சொன்னது அவள்தான்.

அப்புறம் ஒருநாள் ஜெனரேட்டர் வைத்திருக்கும் மின்னாக்கிக் கட்டடத்துக்குப் பின்னால் வேலியில் ஒரு திறப்பைப் பார்த்தாள். கல்லூரி எழும்புவதற்கு முன் அந்த நிலம் முழுக்கச் செம்பனை. கட்டடத்துக்கு வேண்டாத நாலு வரிசையை அப்படியே விட்டிருந்தார்கள். அங்கே ஒரு பழைய பம்ப் வீடு, கூரை இல்லை, சிமெண்டுப் படி மட்டும் உருப்படியாக இருந்தது. பக்கத்து மரத்தடியில் மஞ்சள் சாயம் பூசிய சின்னக் கூண்டுக்குள், மலாய் பேசும் நிலத்துக் காவல் தெய்வமான டத்தோ சாமி. யாரோ எப்போதாவது வந்து ஊதுவத்தி கொளுத்திவிட்டுப் போகும் இடம். லோகேஸ்வரி சாமியைப் பார்த்துக் கும்பிட்டாள், ஒரு வரி படித்தாள், சுற்றிலும் பார்த்தாள். ஒரு பறவை பறந்தது. அவ்வளவுதான். வேறு யாரும் வந்து எதுவும் கேட்கவில்லை.

பாலர் பள்ளி முடிந்ததும் மோட்டாரை எடுத்துக்கொண்டு தினமும் இங்கே வந்தாள். ஒன்பது நாளில் புத்தகத்தில் முக்கால்வாசி ஏறிவிட்டது. பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை. காலையில் தலைக்குக் குளித்திருந்தாள், ஈரம் காயவில்லை, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள் என்று கூந்தலை அவிழ்த்துவிட்டிருந்தாள். புத்தகத்தைப் பையில் வைத்துவிட்டு, கண்ணை மூடி, மனப்பாடமாகச் சொல்லிப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தாயம்மா வந்தாள்.

தாயம்மா அதே தோட்டம், லோகேஸ்வரி வீட்டுக்கு மூன்றாவது வீடு. கல்லூரியில் குத்தகைக்காரர் வைத்த துப்புரவு ஆட்களில் ஒருத்தி. வெற்றிலை போடுவதற்கு மேற்பார்வையாளர் கண்ணில் படாத இடமாகத் தேடிக்கொண்டிருந்தவள். அவளுக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது, பாவம்.

அவள் பார்த்தது பொய்யில்லை. ஒரு பெண், தலைவிரி கோலம், கண் மூடியிருக்கிறது, எதிரில் டத்தோ கூண்டு. ஆண்பிள்ளைக் குரலில் மலாயில் கேட்கிறது: "குழந்தை ஏன் அழுகிறது?" உடனே பெண் குரலில் பதில் வருகிறது: "தாயைப் பிரிந்ததால் அழுகிறது." காலைத் தரையில் ஓங்கி ஒரு உதை. மறுபடி ஆண் குரல்: "தாய் திரும்பி வராவிட்டால் என்ன ஆகும்?" இதற்கு மேல் தாயம்மா நிற்கவில்லை. வாளியை அங்கேயே போட்டுவிட்டாள். வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பாமலேயே விழுங்கிவிட்டதாகப் பின்னால் சொன்னாள், அதை மட்டும் நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

சாயங்காலம் லோகேஸ்வரி வீட்டுக்கு வந்தபோது வாசலில் அறுத்துக் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம். உள்ளே தொலைக்காட்சி ஓடவில்லை. அதுதான் அவளை முதலில் பயமுறுத்தியது. பஞ்சாலை, தாயம்மா, லோகேஸ்வரியின் கணவன் முகுந்தன் மூன்று பேரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். முகுந்தன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவன். ஏழு மணிக்கு முன்னால் வீட்டில் இருக்கவே மாட்டான்.

"வாம்மா" என்றாள் பஞ்சாலை. பதினெட்டு வருடத்தில் கேட்காத வார்த்தை.

"என்னத்த, டிவி கெட்டுப்போச்சா?"

"டிவிக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு. நீ எப்டி இருக்க?"

"லோகா" என்றான் முகுந்தன், அவள் முகத்தைப் பார்க்காமல். "இன்னிக்கு எங்க போன?"

"காலேஜிக்குத்தாங்க."

"காலேஜிக்கு உள்ளாறயா, பின்னாலயா?"

லோகேஸ்வரி தாயம்மாவைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. சிரித்தாள். சிரித்திருக்கக் கூடாது. பஞ்சாலை முகுந்தனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, நான் படிச்சிக்கிட்டு இருந்தேன்க்கா."

"புஸ்தகம் கையில இல்லியே" என்றாள் தாயம்மா, நீதிமன்றத்தில் நிற்பதுபோல.

"மனப்பாடமா சொல்லிப் பாத்தேன்."

"கண்ண மூடிக்கிட்டா?"

"ஆமா."

"கால எதுக்கு ஒதச்ச?"

"ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் ஒரு தட்டு..."

"எந்தப் புள்ள அழுவுது?"

"பாடத்துல வர்ற புள்ளக்கா."

தாயம்மா பஞ்சாலையைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினாள். பார்த்தியா, அதுவே ஒத்துக்கிடுச்சு என்று அதற்கு அர்த்தம். பஞ்சாலைக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றுசேர்ந்தது. வீட்டிலும் இவள் சுவரைப் பார்த்து மலாயில் பேசியிருக்கிறாளே. தன்னைத்தான் திட்டுகிறாள் என்றல்லவா இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள். மருமகள் திட்டவில்லை என்பதில் ஒரு வகையில் அவளுக்கு ஆறுதல்கூட.

ஞாயிற்றுக்கிழமைக்குள் கதை வளர்ந்துவிட்டது. மளிகைக் கடையில் கூந்தல் முழங்கால் வரைக்கும் நீண்டது. கோயில் குழாயடியில் அவள் கால் தரையில் படவே இல்லை. ராசா ஊர்ப் பக்கம் கல்யாணமாகிப் போன மகள்களுக்கெல்லாம் குரல்செய்தி போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலையில் ரதி பாலர் பள்ளி வாசலிலேயே நிறுத்தினாள். ரதிக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. பிள்ளைகளின் பெற்றோர் மேல்தான் பயம்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. ஆறு பேரு போன் பண்ணிட்டாங்க. ஒரு வாரம் ரெஸ்ட் எடுங்க."

"ரதி, நீங்களுமா?"

"எனக்கு ஒண்ணுமில்லலா. ஆனா புள்ளைங்க அம்மாங்களுக்கு, பூஜ பண்ணி முடிச்சாச்சின்னு தெரியணும். தெரிஞ்சிடுச்சின்னா நீங்க வந்துருங்க. டிப்ளோமாவும் வந்துடும்ல?"

"வந்துடும்" என்றாள் லோகேஸ்வரி.

பூஜைக்கு நாள் குறித்தாகிவிட்டது. தோட்டத்து முனியாண்டி கோயில் பூசாரி அமிர்தலிங்கம், வாரநாளில் சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். பகல் பூஜைக்குச் சனிக்கிழமைதான் அவருக்குத் தோது. காலை பத்தரை மணிக்கு நல்ல நேரம் என்று பஞ்சாலை நாள்காட்டியில் பார்த்து வைத்திருந்தாள். லோகேஸ்வரி நாள்காட்டியின் எதிரே ரொம்ப நேரம் நின்றாள். அதே சனிக்கிழமை. ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை தேர்வு.

செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாடு முடிந்து பஞ்சாலை கோயிலுக்குப் போயிருந்த சமயம், அவள் முகுந்தனிடம் உண்மையைச் சொன்னாள். இரண்டு வருடத்தில் அவனிடம் மறைத்தது அது ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு அவள் வாய் பட்ட பாடு, மலாய்ப் பாடம் படிக்கக்கூடப் பட்டதில்லை.

"நான் ஃபெயிலுங்க. ஒரு பேப்பர். எக்ஸ்ட்ரா கிளாஸெல்லாம் இல்ல. சனிக்கெழம காலையில மறுபடி எழுதணும். எழுதலன்னா அவ்ளோதான். அதுக்குத்தான் அங்க போயி சத்தம் போட்டுப் படிச்சேன்."

முகுந்தன் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். யோசித்தான். அவன் முகம் தெளிவதைப் பார்த்து அவளுக்கும் நெஞ்சு லேசானது.

"அப்ப அதான்" என்றான்.

"எது?"

"அது அப்பவே வந்துடுச்சி. அதனாலதான் நீ ஃபெயிலாயிட்ட. இல்லன்னா நீ எப்டி ஃபெயிலாவ? நீ நல்லா படிக்கிறவ லோகா." அவள் மேல் அவனுக்கு அவ்வளவு மதிப்பு. அந்த மதிப்பு கெடாமல் இருக்க வேண்டுமானால் அவளுக்குப் பேய் பிடித்தே தீர வேண்டும்.

அன்று அவன் ஹாலில் படுத்தான். இடுப்பு வலிக்கிறது, தரைதான் நல்லது என்று சொன்னான். அவள் அறைக்குள் விழித்துக் கிடந்தாள். பதினெட்டு வருடமாக இருட்டில் கையை நீட்டினால் தட்டுப்படுகிற மனுஷன், கதவுக்கு அந்தப் பக்கம் தன்னைக் கண்டு பயந்து படுத்திருக்கிறான். தோற்றதுகூட அவளை இப்படி அறுக்கவில்லை.

வியாழக்கிழமை மாலை, பூஜைக்கு முன்னால் வந்திருப்பது யார், எவர் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள அவளைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வந்திருப்பது எதுவானாலும் என்ன வேண்டும் என்று கேட்டுவிட வேண்டும். கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். வாங்கிக்கொண்டு அது போய்விட வேண்டும். ஒன்று சுருட்டுக் கேட்கும், ஒன்று சேவல் கேட்கும், டத்தோ என்றால் மஞ்சள் சோறு கேட்பார். கொடுக்காமல் விட்டவர்கள் கெட்டுப்போன கதையும் நிறைய உண்டு. பஞ்சாலை முன்னெச்சரிக்கையாக மஞ்சள் சோறு கிண்டியே எடுத்து வந்திருந்தாள்.

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். உடுக்கையை நாலு தட்டுத் தட்டினார். லோகேஸ்வரி சாம்பிராணிப் புகைக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆறு நாளாக அவள் தமிழில் சொன்னது எதையும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படிக்கிறேன் என்று சொன்னாள், தோற்றேன் என்று சொன்னாள், அழுதுகூடச் சொன்னாள்.

அமிர்தலிங்கம் குனிந்து மலாயில் கேட்டார். "டத்தோ, உங்களுக்கு என்ன வேண்டும்?"

இருபது பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் வாயைப் பார்த்தார்கள். இவ்வளவு கவனமாக அவள் பேச்சை இதுவரை யாரும் கேட்டதில்லை, அவள் வகுப்புப் பிள்ளைகள்கூட.

லோகேஸ்வரி சாமிக்குப் பயந்தவள். பம்ப் வீட்டுக்குப் போன நாளெல்லாம் கும்பிட்டுவிட்டுத்தான் புத்தகத்தைத் திறந்தவள். அந்தப் பெயரை வைத்துப் பொய் சொன்னால் என்ன வருமோ. மன்னிச்சிடுங்க டத்தோ, ஒரு பேப்பர்தான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணை மூடி, விரிவுரையாளரின் தடித்த குரலை வெளியே எடுத்தாள்.

அவளுக்குச் சரளமாக வரும் மலாய், புத்தக மலாய்தான். ஆகவே டத்தோவும் அப்படியே பேசினார்.

"முதலாவதாக, இப்பெண் படிப்பதற்கு ஏற்ற அமைதியான சூழல் ஏற்படுத்தித் தரப்பட வேண்டும்." காலால் ஒரு தட்டு. "இரண்டாவதாக, சனிக்கிழமை வரை அவ்வீட்டில் தொலைக்காட்சி இயக்கப்படக் கூடாது." இன்னொரு தட்டு. "மூன்றாவதாக, சனிக்கிழமை காலை எட்டரை மணிக்குள் இவள் கல்லூரியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு மணி வரை எவரும் இடையூறு செய்யலாகாது."

"அரமன மலாய்லா" என்று தாயம்மா பக்கத்தில் இருந்தவளிடம் கிசுகிசுத்தாள். "பழைய காலத்து டத்தோ."

அமிர்தலிங்கம் உடுக்கையைக் கீழே வைத்தார். அவர் புருவம் லேசாக ஏறியதை லோகேஸ்வரி அரைக்கண்ணால் பார்த்தாள்.

"கொடுத்துவிடுகிறோம், டத்தோ. அப்புறம் நீங்கள் எப்போது போவீர்கள்?"

"சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மேல்."

"எங்கிருந்து?"

இது அவள் தயார் செய்து வராத கேள்வி. தாமதித்தால் மாட்டிக்கொள்வோம் என்ற அவசரத்தில் வாயில் வந்ததைச் சொன்னாள். "எங்கிருந்து வந்தேனோ, அங்கிருந்து."

வெள்ளிக்கிழமை முழுக்க வீடு அவளுக்கு. தொலைக்காட்சியின் பிளக்கைப் பிடுங்கி, அதன் மேல் துணியும் போட்டு வைத்தாள் பஞ்சாலை. பக்கத்து வீட்டுப் பாட்டுச் சத்தம் நின்றது. நாய்களைக்கூடக் கட்டிப்போட்டார்கள். லோகேஸ்வரி நடுவீட்டில் நடந்து நடந்து, புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை வாய்விட்டுப் படித்தாள். இந்த மாதிரி ஒரு நாளுக்காகத்தான் அவள் நூலகம், மாடிப்படி, காடி என்று அலைந்தது. ஆனால் அவள் ஒரு பத்தியை முடிக்கும் ஒவ்வொரு தடவையும் வெளியே பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள், "சாமி" என்று முனகினார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கி வந்து வாசற்படியில் படுக்க வைத்து எடுத்துப்போனாள். மத்தியானம் சாப்பாட்டைப் பஞ்சாலை தட்டில் வைத்துத் தரையில் தள்ளிவிட்டுப் பின்னாலேயே நகர்ந்துபோனாள். சாப்பாட்டில் உப்பு இல்லை. டத்தோவுக்கு உப்பு ஆகுமா ஆகாதா என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியவில்லையாம்.

சனிக்கிழமை எட்டு மணிக்கே முகுந்தனின் லோரி கல்லூரி வாசலில் நின்றது. அவள் உள்ளே போனாள். கேள்வித்தாளைத் திருப்பினாள். ஐந்து கேள்வி. ஐந்தும் அவளுக்குள் இருந்தன, வரிசையாக, ஒவ்வொரு தட்டோடும். உதடு மட்டும் அசைய, மேசைக்கு அடியில் கால் கட்டைவிரலை மட்டும் அசைத்து எழுதினாள். மேற்பார்வை பார்த்த அம்மா இரண்டு தடவை வந்து அவள் வாயைக் குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பதினொன்றரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. மீதி அரை மணி நேரம் அவள் எழுதியதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக மின்னாக்கிக் கட்டடத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பமீலா காத்திருந்தாள். அவளுக்குத் தாள் இல்லை, இவளுக்காக மம்பாவிலிருந்து காடியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"எப்டிக்கா?"

"அஞ்சும் எழுதிட்டேன்மா."

"சொன்னேன்லா. வாங்க, சாப்புடப் போவோம். நான் வாங்கிக் குடுக்குறேன்."

இந்தக் கல்லூரியில் அவளை ஒரு மாணவியாக மட்டும் பார்த்தது இந்தப் பெண் ஒருத்திதான். ஊரும் தெரியாது, கேசரியும் தெரியாது, டத்தோவும் தெரியாது. "நீ முன்னால போம்மா, நான் வந்துடுறேன்" என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு லோகேஸ்வரி கட்டடத்துக்குப் பின்னால் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பம்ப் வீட்டைச் சுற்றி ஆட்கள். பஞ்சாலை, தாயம்மா, முகுந்தன், ஏழெட்டுத் தோட்டத்துப் பெண்கள். சற்றுத் தள்ளி ரதி, அவளோடு இரண்டு பிள்ளைகளின் அம்மாக்கள். நேரில் பார்த்துவிட்டுப் போய் மற்றவர்களுக்குச் சொல்ல வந்தவர்கள். ஜாகாவிடம் முகுந்தன் என்ன சொல்லி அனுமதி வாங்கினானோ, அவனும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

அமிர்தலிங்கம் விபூதித் தட்டோடு அவள் அருகில் வந்தார். நெற்றியில் பூசுகிற சாக்கில் குரலைத் தாழ்த்தினார்.

"பேப்பர் எப்டி?"

லோகேஸ்வரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் முகத்தில் கோபம் ஏதும் இல்லை.

"நல்லா எழுதினேண்ணே" என்றாள் மெதுவாக.

"சரி. எத்தன வருசமா பாக்குறேன், எந்தச் சாமியும் மணி சொல்லிக் கேட்டதில்ல."

"தப்புத்தாண்ணே. டத்தோ பேரச் சொல்லி... என்ன ஆவுமோன்னு ராத்திரியெல்லாம்..."

"அத நீ தனியா வந்து அவர்கிட்ட சொல்லிக்க. நான் அதுல வர முடியாது." அவர் இன்னொரு கோடு விபூதி இழுத்தார். "நானே போயிடுச்சின்னு சொல்லிடட்டுமா? நீ சும்மா நில்லு."

அவள் கூட்டத்தைப் பார்த்தாள். ரதி கடிகாரத்தைப் பார்த்தாள். பிள்ளைகளின் அம்மாக்கள் இவளையே பார்த்தார்கள். சும்மா நின்றால் இவர்கள் நம்ப மாட்டார்கள். திங்கட்கிழமை மறுபடி போன் வரும், இன்னொரு வாரம் ரெஸ்ட் எடுங்க டீச்சர் என்பாள் ரதி, அப்புறம் இன்னொரு வாரம். கையில் டிப்ளோமா இருக்கும், வகுப்பில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். முகுந்தன் இன்னும் ஹாலில் படுத்திருப்பான்.

"வேணாண்ணே" என்றாள். "நான் விழுறேன்."

"அப்ப இடது பக்கமா விழு. வலது பக்கம் கல்லு கெடக்கு."

அவர் உடுக்கையை எடுத்தார். அவள் கூந்தலை அவிழ்த்துவிட்டாள். ஆடினாள், தலையைச் சுற்றினாள், நாலு வரி மலாயில் விடைபெற்றாள். புத்தகத்தின் முன்னுரையில் நூலாசிரியர் நன்றி சொல்லியிருந்த வரிகள் அவை, வேறெதுவும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. பிறகு இடது பக்கமாக விழுந்தாள்.

கூட்டம் "ஆ" என்று மூச்சு விட்டது. யாரோ தண்ணீர் தெளித்தார்கள். முகுந்தன் ஓடிவந்து அவள் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டான். பயமில்லாத கை. அது அவளுக்கு உடனே தெரிந்தது. கண்ணோரத்தில் நீர் வந்தது, அதையும் சாமி போன அடையாளம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து குரல் கேட்டது.

"அக்கா... லோகாக்கா..."

பமீலா. இவளை ரொம்ப நேரம் காணோமே என்று தேடிக்கொண்டு வந்திருக்கிறாள். செருப்பு சருகில் சரசரக்க ஓடிவரும் சத்தம் லோகேஸ்வரியின் காதுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அக்காக்கு என்ன ஆச்சி? மயக்கமா? யாராச்சும் ஆம்புலன்ஸ் கூப்புட்டீங்களா?"

பமீலா அவள் கையைப் பிடித்துத் தேய்த்தாள். லோகேஸ்வரி கண்ணைத் திறக்கப் பார்த்தாள். அமிர்தலிங்கம் நெற்றியில் வைத்திருந்த கட்டைவிரலை இலேசாக அழுத்தினார். இன்னும் கொஞ்ச நேரம். சாமி போன உடம்பு உடனே எழுந்து உட்கார்ந்தால் ரதி கூட்டிவந்தவர்கள் என்ன நினைப்பார்கள்.

"பயப்படாதம்மா" என்றாள் தாயம்மா, அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்து விலக்கியபடி. "ஒனக்கு இவளத் தெரியுமா?"

"என் கிளாஸ்மேட்டு. நாங்க ஒண்ணாதான் படிக்கிறோம்."

"அப்ப ஒனக்கு ஒண்ணுமே தெரியாதா? ஐயையோ பாவம். இப்டி வந்து ஒக்காரு. நான் சொல்றேன்."

படிமேல் இரண்டு பேர் உட்காரும் சத்தம் கேட்டது. தாயம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். லோகேஸ்வரி மூடிய கண்ணோடு, ஒரு வார்த்தை விடாமல், கேட்டுக்கொண்டு கிடந்தாள்.